ஏழரைக் கிலோ

சுவிட்சை அணைத்த பிறகும்
நாற்பத்தொரு வினாடி ஓடும் எங்கள் பேண்ட்சா.
கைபேசியில் அளந்தேன், மூன்று முறை.
சத்தம் பதினைந்திலேயே அடங்கிவிடும்.
மீதி இருபத்தாறும்
நின்றது போலவே ஓடுகிற பல்.

மைசூர் ரோடு டிம்பர் யார்டில்
ஷெட்டை எடுத்தபோது வாடகையோடு வந்த மெஷின்.
பச்சைப் பெயின்ட்.
கீழ்க்கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோணிச்சாக்கு.
நாங்கள் அறுப்பது பெரிதாக ஒன்றுமில்லை,
அங்கன்வாடிகளுக்கு மர யானை, மர பஸ்,
கன்னட எழுத்துகள்.
'அ'வின் வளைவில் பலகையைத் திருப்பும்போது
தூசி மேலே வராது, கீழே இறங்கும்,
சக்கரத்து ரப்பரில் அப்பி
ஒரு சுற்றுச் சுற்றி
உப்புத்தாள் தேய்க்கிற முபீனாவின்
இமையில் வந்து உட்காரும்.

பக்கத்துக் கடையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சன்னபசப்பா
வாரம் ஒருமுறை வாசலில் நிற்பார்:
"மேடம், தூளு. தும்பா தூளு."
எங்கள் பேச்சில் அது பாராட்டு என்று
அவரிடம் நான் சொல்லவில்லை.

ஜூன் மழையில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது.
அலகுக்கும் மேசைக்கும் நடுவே சிக்கிய சிராயை
நெம்பிக்கொண்டிருந்தார் தேவநேசன்,
மாரிக்குப்பத்திலிருந்து ரயிலில் வருபவர்.
தும்மல் வந்தது.
கையை எடுத்து முழங்கை மடிப்பில் தும்மினார்.
கரண்ட் வந்தது.
யாரும் தொடாமல் மெஷின் தானே கிளம்பியது.

தும்மினால் நூறு என்போம்.
அன்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் எஸ்.பி. ரோட்டில் ஒரு ஸ்டார்ட்டர் வாங்கினேன்:
கரண்ட் போனால் விழுந்துவிடும்,
வந்தாலும் எழாது, யாராவது அழுத்தினால்தான் எழும்.
வாங்க ஆரம்பித்தால் நிற்குமா?
நாலு அங்குல பிவிசி, கிளாம்ப், பழைய ஸ்கூட்டர் பிரேக் ஷூ ஒன்று,
கால்மிதிக்கு ஒரு துண்டு ஆங்கிள்.
கக்கூஸ் பிரஷ்ஷின் தலையை வெட்டி
கீழ்ச் சக்கரத்தில் உரசும்படி வைத்தார் தேவநேசன்.
ரப்பர் என்ன நிறம் என்று அன்றுதான் பார்த்தோம்.
சாக்கு போய்த் தகரக் கதவு வந்தது.
இருந்த சந்தையெல்லாம் பஞ்சு வைத்து அடைத்தோம்,
உறிஞ்சல் செத்தது.
காற்று உள்ளே வராமல் தூசி எப்படி வெளியே போகும்?
கதவில் ஒரு துளையைத் திரும்பத் திறந்தோம்.
குழாயைத் தொட்டால் சுருக்கென்றது,
செப்புக் கம்பியைச் சுற்றித் தரையில் இறக்கினோம்.

முதல் வாரத்துப் பையை
காயலான் கடைத் தராசில் வைத்தோம்.
ஏழரைக் கிலோ.
"நமக்கு ஏழரைதான் வரும்" என்று சிரித்தார் தேவநேசன்.
முபீனா சிரிக்கவில்லை.
போன வாரமும் இதே வேலைதானே, என்றாள்,
அப்போது இது எங்கே போனது?

கொஞ்சம் பெருக்கினோம்.
கொஞ்சம் சன்னபசப்பாவின் பத்திரிகைகளில்
மணமக்களோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கும்.
கொஞ்சம் என் கொண்டையில்.
வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம், நான்கு வருஷம்,
தகரக் கதவில் பென்சிலால் பெருக்கத் தொடங்கியவள்
பாதியில் விட்டுவிட்டு
தண்ணீர் குடிக்கப் போனாள்.

இப்போது மிதித்தால் நான்கு வினாடி.
ஆனாலும் தேவநேசன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
உதடு அசைய நிற்கிறார்.
எதுவரை எண்ணுகிறார் என்று கேட்டதில்லை.

நேற்று சன்னபசப்பா வந்தார்.
"மேடம், சவுண்டு."
ஃபேனுக்கு ஒரு பெட்டி செய்ய வேண்டும்.

நாலு மணிக்கு ஷீட்டின் ஓட்டை வழியாக
வெயில் ஒரு கோலாக இறங்கும்போது
இன்னும் தெரிகிறது,
மாவை விடச் சன்னமாக, மெல்ல.
பையில் நிற்காத வகை.
மூவரும் மாஸ்க்கை மூக்குக்கு மேல்
இழுத்துவிட்டுக்கொள்கிறோம்.